வாழ்ந்துகெட்ட வீட்டுச் செம்பு

எங்கள் பாத்திரக் கடையில் ‘நட்டம்’ என்ற சொல்லை யாரும் வாயில் எடுப்பதில்லை. நான் கல்யாணமாகித் திருநெல்வேலி டவுணுக்கு வந்தது ஓர் ஆனி மாதம். அடுத்த மாதமே ஆடி. கடையடைத்து வந்த மாமனாரிடம் தண்ணீரை நீட்டிக்கொண்டே, “இன்னைக்கு யாவாரம் இல்லையா மாமா?” என்று கேட்டுவிட்டேன். அவர் குடித்து முடித்து, துண்டால் வாயைத் துடைத்து, “மந்தம்” என்றார். பிறகு அடுக்களையில் வைத்து மாமியார் எனக்குப் பாடம் எடுத்தாள்.

“இல்லைன்னு கேக்கப்பிடாதுட்டி. மந்தமான்னு கேக்கணும். அரிசிப் பானை காலியானா நிறைஞ்சிருக்குன்னு சொல்லணும். உங்க அப்பா கடையில என்ன சொல்லுவாவ?”

“ஆள் வரலைன்னு சொல்லுவாவ அத்தை.”

அத்தை என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அப்பாவுக்கு வள்ளியூரில் சைக்கிள் கடை. வாடகைக்கு விடுவார், பஞ்சர் ஒட்டுவார். ஆள் வந்தால் வந்தது, வராவிட்டால் வரவில்லை. அதற்குத் தனியாக ஒரு சொல் வைத்துக்கொள்ள வேண்டும் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றியதில்லை.

நான் கல்லூரியில் சரித்திரம் படித்தவள். எது எப்போது நடந்தது என்று தெரியாமல் எந்தக் கதையையும் முழுசாகக் கேட்க என்னால் முடியாது. மாமனார் வீட்டில், கொல்லைக் கிணற்றுக்கு மோட்டார் போட்டது எந்த வருஷம், பெரிய மாமா இறந்தது எந்தத் திதி என்று சண்டை வந்தால் கடைசியில் என்னிடம்தான் வருவார்கள். அதில் எனக்கு ஒரு மதிப்பு இருந்தது. அது ஒன்றுதான் இருந்தது என்று பின்னால் தெரிந்தது.

டவுணுக்கு வந்த பிறகு நான் கவனிக்க ஆரம்பித்தது, இங்கே ஒருவர் இறங்கிப் போவதற்கு எத்தனை சொல் வைத்திருக்கிறார்கள் என்பதை. மேல ரத வீதியில் ஒரு ஜவுளிக் கடைக்காரர் கடன்பட்டுக் கடையைக் கைமாற்றினார். அவரை ‘நொடிச்சுப் போயிட்டாவ’ என்றார்கள். நொடிப்பது என்றால் எல்லாரும் பார்க்க நடந்தது, கொஞ்சம் பரிதாபம், கொஞ்சம் ‘கையை விட்டு விளையாடினான்லா’ என்ற முணுமுணுப்பு. பக்கத்து வீட்டுக்காரருக்கு வேலை போனபோது அவர் அம்மா ‘ஏழரை நடக்கு’ என்றாள். ஏழரைச் சனிக்கு முடிவு தேதி உண்டு, ஆகையால் அது ஆறுதல். சீட்டாடித் தொலைத்தவனுக்கு ‘ஓட்டாண்டி’. ‘கை தாழ்ந்துட்டு’ என்றால் இன்னும் கேட்டு உதவலாம், கேட்டவர் முகம் சுளிக்க மாட்டார். இந்தச் சொற்களை மாற்றிப் போட்டுப் பேசும் ஒரு ஆளைக்கூட நான் டவுணில் பார்த்ததில்லை. ஓட்டாண்டியை ஏழரை என்று சொன்னால் சிரிப்பார்கள்.

இவை எல்லாவற்றுக்கும் மேலே, மரியாதையாகத் தலையைச் சாய்த்துச் சொல்லும் ஒரு சொல் இருந்தது: ‘வாழ்ந்துகெட்ட குடும்பம்.’

என் பிறந்த வீட்டுக்கு அவர்கள் வைத்திருந்தது ‘கஷ்டப்பட்டு முன்னுக்கு வந்தவிய.’ கேட்க நல்லபடியாகத்தான் இருக்கும். ஆனால் அதைச் சொல்லும்போது யாரும் தலையைச் சாய்ப்பதில்லை.

வெள்ளம் வந்த வருஷத்துத் தை மாதம் என் கொழுந்தனுக்குக் கல்யாணமானது. வெள்ளம் அதற்கப்புறம், ஐப்பசிக் கடைசியில் வந்தது. அதற்குப் பிறகு எங்கள் பக்கம் எல்லாருக்கும் கணக்கே வெள்ளத்துக்கு முந்தி, வெள்ளத்துக்குப் பிந்தி என்று ஆகிவிட்டதால் இதைச் சொல்லி வைக்கிறேன். என் ஓரகத்தி வந்தது தாமிரபரணிக் கரையில், பாளையங்கோட்டைக்குக் கிழக்கே ஓர் ஊரிலிருந்து. பெண் பார்த்துவிட்டு வந்த அன்றே அத்தை அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டாள். “வாழ்ந்துகெட்ட வீடு. எம்மாம் பெரிய வீடு தெரியுமா? ரெண்டு ரூம்புலதான் ஓடு கலையாம இருக்கு.”

கலைந்த ஓட்டைக்கூடப் பெருமையாகச் சொல்ல முடியும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். வள்ளியூரில் என் அப்பா பகுதி பகுதியாகக் கட்டிய வீட்டைப் பார்க்க வந்தபோது இதே அத்தை, “இன்னும் பூச்சு வேலை முடியலியோ?” என்று கேட்டிருந்தாள்.

ஓரகத்தி மோசமானவள் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மெலிந்த, அதிகம் பேசாத பெண். என்னை “அக்கா, அக்கா” என்று சுற்றி வருவாள். வந்த முதல் மாதம் அவள் ரசத்தை அடிப்பிடிக்க விட்டாள். “அடுப்பங்கரைப் பழக்கம் இருக்காதுல்லா” என்றாள் அத்தை, ஏதோ பாராட்டு மாதிரி. எட்டு வயசிலிருந்து சமைத்தவள் நான். நான் உப்பை ஒரு கல் கூடப் போட்டால், “கடை ஆளுக்குச் சமைச்ச கைலா, அளவு தெரியாது” என்பாள். ஓரகத்தி குறைவாகச் சாப்பிட்டால் அது கை அடக்கம். நான் குறைவாகச் சாப்பிட்டால், “என்னட்டி, வீட்டுல சண்டையா?” அவள் வெளுத்த சேலை கட்டினால், “பழசானாலும் பட்டு பட்டுதான்.” நான் கட்டிய வெளுத்த சேலைக்கு, “ஒண்ணு எடுத்துத் தரச் சொல்லட்டுமா அவன்ட்ட?”

செம்புக்கு வருகிறேன். வெள்ளத்துக்குப் பிந்தி வந்த பொங்கலுக்குச் சீராக என் அப்பா ஒரு பெரிய பிரஷர் குக்கர் கொண்டுவந்திருந்தார், அட்டைப்பெட்டியோடு, உத்தரவாதச் சீட்டோடு. அதே பொங்கலுக்கு ஓரகத்தியின் அப்பா பஸ்ஸில் வந்திறங்கி, துணிப்பையிலிருந்து ஒரு பித்தளைச் செம்பை எடுத்து வைத்தார். கனமான செம்பு. கழுத்துக்குக் கீழே ஒரு பக்கம் நசுங்கி ஒடுங்கியிருந்தது. மாமனார் அதைக் கையில் எடுத்து, விரலால் சுண்டி, காதருகே வைத்துக் கேட்டார். “பழைய வார்ப்பு” என்றார். அதோடு என் குக்கர் பரண் ஏறியது. செம்பு பூசை அறையில் விளக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. வருகிறவர்களுக்கெல்லாம் அத்தை அந்த ஒடுக்கைக் காட்டுவாள். “எத்தனை தலைமுறை கை பட்டதோ.”

எங்கள் கடையில் ஒடுங்கிய பாத்திரத்தைப் பழசுக்கு எடுப்பார்கள். எடை போட்டு, உருக்கப் போகும் மூட்டையில் எறிவார்கள். ஒடுக்கு எந்த வீட்டில் விழுந்தது என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

வெள்ளத்துக்கு மறு வருஷம், ஸ்ரீமுக வருஷம் ஆவணியில், என் நாத்தனாருக்கு நாங்குநேரியில் மாப்பிள்ளை அமைந்தது. பேசி முடிந்து, கை நனைக்கப் போக வேண்டும். பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டுக்குத் தட்டுகளோடு போய், அங்கே முதல்முறை சாப்பிட்டு வருவதைத்தான் கை நனைப்பது என்பார்கள். கை நனைத்துவிட்டால் சம்பந்தம் உறுதி. தட்டுகள் வாசலில் வரிசையாக நுழையும். முதல் தட்டை வீட்டின் மூத்த மருமகள் எடுப்பாள். வாசலில் நிற்கும் மாப்பிள்ளை வீட்டு மூத்த பெண், முதல் தட்டுக்காரியிடம், “பிறந்த வீடு எது?” என்று கேட்பாள். பதில் சொன்ன பிறகுதான் தட்டை வாங்குவாள். அதற்கப்புறம் வரும் தட்டுகளை யார் கொண்டுவந்தார்கள் என்று யாரும் பார்ப்பதில்லை.

மூத்த மருமகள் நான். ஆவணி பிறந்ததிலிருந்து அந்தத் தட்டுக்காகக் காத்திருந்தேன். இந்த வீட்டில் எனக்கென்று வழக்கமே எழுதி வைத்திருந்த ஒரே இடம் அதுதான். மூத்தவள் என்பதை நல்ல வார்த்தை சொல்லிக் குறைக்க முடியாது என்று நினைத்திருந்தேன்.

போவதற்கு ஒரு வாரம் முன்னால், பயறு புடைத்துக்கொண்டிருக்கும்போது அத்தை சொன்னாள், “மொத தட்டை இளையவ எடுக்கட்டும்.”

நான் முறத்தை நிறுத்தினேன். “ஏன் அத்தை?”

“கேப்பாவல்ல, பிறந்த வீடு எதுன்னு. இவ வீட்டைச் சொன்னா அங்கன ஒரு மதிப்பு.”

“எங்க வீட்டைச் சொன்னா?”

“உங்க வீட்டுக்கு என்ன கொறைச்சல்? நல்ல மனுசங்க. நான் அப்படியா சொன்னேன்?” என்று சொல்லிவிட்டுப் பயற்றை அள்ளினாள். “நீ ரெண்டாந்தட்டு எடு. பழத்தட்டு. அது கனம், அவளால தூக்க முடியாது.”

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் பல்குச்சியைக் கடித்துக்கொண்டு, “தட்டுல என்னட்டி இருக்கு, எல்லாம் ஒரே வேன்லதான போகுதோம்” என்றார். ஆண்பிள்ளைகளுக்கு இதெல்லாம் புரியாது என்று சொல்ல மாட்டேன். அவருடைய தம்பிக்கு மாமா கடைச் சாவியைக் கொடுத்திருந்தால் புரிந்திருக்கும்.

அப்போதுதான் நான் அந்தக் கேள்வியைக் கேட்க ஆரம்பித்தேன். எந்தக் குடும்பமும் கெடுவதற்கு ஒரு காலம் உண்டு. ஜவுளிக் கடைக்காரர் கெட்டது எந்தத் தீபாவளிக்கு முன்னால் என்று டவுணில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அப்படியானால் ஓரகத்தியின் குடும்பம் எப்போது வாழ்ந்தது, எப்போது கெட்டது?

முதலில் அத்தையைக் கேட்டேன். “அதெல்லாம் எனக்குக் கல்யாணம் ஆகுததுக்கு முந்தியே போச்சு” என்றாள். நான் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது, எனக்குச் சற்று முன்பு வரை இருந்தது என்ற குரலில்.

மாமனாரைக் கேட்டேன். கடைக்காரருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். இறங்கும் குடும்பத்தின் பாத்திரம் முதலில் பாத்திரக் கடைக்குத்தான் வரும். அவர் யோசித்தார். “நான் கடைக்கு வரும்போதே அவிய சாமான் வந்து முடிஞ்சிட்டு. எங்க அப்பா காலத்துல அண்டா அண்டாவா வந்ததும்பாவ.” அவருடைய அப்பா எப்போதாவது அந்த அண்டாக்களைப் பார்த்தாரா என்று கேட்டேன். “எங்க அப்பாவும் கேள்விப்பட்டதுதான்” என்றார் மாமா, கொஞ்சம் தயங்கி. “அவருக்கு முந்தின காலமாம்.”

அந்த வெள்ளிக்கிழமை ஓரகத்தியின் அப்பா மகளைப் பார்க்க வந்திருந்தார். காப்பி கொடுத்துவிட்டு, வேறு பேச்சோடு பேச்சாக, அவர் பார்க்கக் குடும்பம் எப்படி இருந்தது என்று கேட்டேன். நல்ல மனிதர். காப்பியை ஆற்றிக்கொண்டே சொன்னார், “நான் எங்கம்மா பாத்தேன்? எங்க தாத்தா சொல்லுவாரு, ‘எங்க தாத்தாவோட எல்லாம் போச்சு’ன்னு.” பிறகு சிரித்தார். “அந்தத் தாத்தா என்ன சொன்னாரோ.”

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொருவரும் தனக்கு முந்தின ஆளைக் கை காட்டினார்கள். அந்தக் குடும்பம் கெட்டுக் கிடப்பதை எல்லாரும் பார்த்திருந்தார்கள். வாழ்ந்ததைப் பார்த்த ஒருவர்கூட இல்லை. பாடப் புத்தகத்தில் களப்பிரர் காலத்தை இருண்ட காலம் என்று போட்டிருப்பார்கள். எழுதி வைத்தது ஒன்றும் கிடைக்காததால் இருண்டது. இவர்களுக்கு எழுதி வைத்தது ஒன்றும் கிடைக்காததால் பொற்காலம். அதே இருட்டு எங்கள் வள்ளியூர் வீட்டுக்கும் பின்னால் இருக்கத்தான் செய்கிறது. என் அப்பாவின் தாத்தா யாரென்று எனக்குத் தெரியாது. அவர் யானை கட்டி ஆண்டிருக்கலாம். எங்கள் யாருக்கும் அப்படிச் சொல்லிப் பார்க்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

இதை அத்தையிடம் எடுத்துக்கொண்டு போனேன். கை நனைக்க இன்னும் இரண்டு நாள் இருந்தது.

“அத்தை, நான் எல்லார்ட்டயும் கேட்டுட்டேன். அவிய வாழ்ந்ததை யாருமே பாக்கலை.”

அத்தை வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை. “காந்திமதி அம்மன் கல்யாணத்தை நீ பாத்தியாட்டி?”

“எது?”

“மொத கல்யாணம். அப்ப நீ இருந்தியா? நான் இருந்தேனா? வருசா வருசம் ஐப்பசில போயி மஞ்சக்கயிறு வாங்கி மாத்திக்கிடுதோம்லா?” வெற்றிலையை மடித்து வாயில் வைத்தாள். “பாக்கலைன்னா இல்லைன்னு ஆயிருமா.”

நான் சுண்ணாம்புச் செப்பை மூடி வைத்துவிட்டு எழுந்தேன்.

புதன்கிழமை காலை வேன் வந்தது. முதல் தட்டை அத்தையே அடுக்கினாள். மஞ்சள் கிழங்கு, குங்குமச் சிமிழ், வெற்றிலை, பாக்கு. நடுவில், நான் நினைத்தபடியே, அந்தச் செம்பு. புளி போட்டுத் தேய்த்துத் தங்கமாகப் பளபளத்தது. அதில் நிறையக் கற்கண்டு. ஒடுக்கு வெளியே தெரியும்படி திருப்பி வைத்தாள். கீழே கடையில் மாடிப்படி வரைக்கும் புதுச் செம்பு அடுக்கியிருக்கிற வீடு எங்கள் வீடு.

எனக்குப் பழத்தட்டு. ஒரு சீப்பு மட்டிப்பழம், ஒரு சீப்பு செவ்வாழை, மேலே தேங்காய். கனம்தான்.

நாங்குநேரி போகிற வழி முழுக்க ஓரகத்தி தட்டை மடியில் வைத்து, செம்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு வந்தாள். காற்றில் அவள் முடி பறந்து முகத்தில் விழுந்தது. அதை ஒதுக்கக் கை இல்லை. முன் சீட்டிலிருந்து திரும்பி அத்தை ஒதுக்கிவிட்டாள். என் முடியும் பறந்துகொண்டுதான் இருந்தது.

மாப்பிள்ளை வீட்டு வாசலில் நின்றது மாப்பிள்ளையின் அத்தை. குள்ளமான, அகலமான பெண்மணி, மூக்கின் இரண்டு பக்கமும் வைரம். ஓரகத்தி முதலில் போய் நின்றாள். பின்னால் நான். அந்த அம்மா “வாங்க, வாங்க” என்றபடி தட்டைப் பார்த்தார். செம்பைப் பார்த்தார். பார்வை அங்கேயே நின்றது.

“சம்பந்தியம்மா” என்று எங்கள் அத்தையைக் கூப்பிட்டார், மெதுவாக, சிரித்த முகமாக. “பாத்திரக் கடைக்காரவிய வீட்ல ஒடுங்காத செம்பு ஒண்ணு கெடைக்கலியோ?”

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அத்தை பதறவில்லை. இந்தக் கேள்விக்காகத்தானே செம்பைத் திருப்பி வைத்திருந்தாள்.

“அது சும்மாச் செம்பு இல்ல மதினி. இந்தப் பிள்ளை பிறந்த வீட்டுச் செம்பு. வாழ்ந்துகெட்ட வீடு” என்றாள், தலையைச் சாய்த்து, டவுணில் சொல்வதுபோலவே.

அந்த அம்மாவின் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. “நல்ல காரியத்துக்கு வந்து வாசப்படியில நின்னுக்கிட்டு என்ன சொல்லு சொல்லுதிய? கெட்டதைத்தான் எங்க வீட்டுக்குள்ள மொதல்ல கொண்டாரணுமாக்கும்?”

கடையில் ‘இல்லை’ என்று ஒரு வார்த்தை சொல்ல விடாத என் அத்தை, சம்பந்தி வீட்டு வாசலில் நின்று ‘கெட்ட’ என்று வாயாரச் சொல்லியிருந்தாள். அந்தச் சொல்லை அத்தனை வருஷம் மரியாதையாகவே சொல்லிச் சொல்லி, அதற்குள் இருப்பது அவள் காதில் விழாமலே போயிருந்தது. மாமனார் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். என் நாத்தனாருக்குப் பார்த்த மாப்பிள்ளை உள்ளே சன்னலோரம் நின்று எட்டிப் பார்த்தார்.

அந்த அம்மாவின் கண் என் மேல் வந்தது. “அந்தத் தட்டு கொஞ்சம் பின்னால வரட்டும். நீ இங்கன வாம்மா. பிறந்த வீடு எது?”

“வள்ளியூர்.”

“அப்பா என்ன செய்யுதாவ?”

“சைக்கிள் கடை.”

“கடை நடக்கா?”

“நடக்கு” என்றேன்.

“நடக்குல்லா. வா, வா, வலது காலை எடுத்து வச்சு வா” என்று பழத்தட்டை இரண்டு கையாலும் வாங்கினார். “நல்ல கனமா இருக்கே.”

முதல் தட்டு என் தட்டு. அப்படித்தான் உள்ளே போனேன். அவர்கள் வீட்டு விளக்குக்கு முன்னால் முதலில் போய் உட்கார்ந்தது என்னுடைய மட்டிப்பழமும் செவ்வாழையும். எனக்குக் காது வரை சூடாக இருந்தது. அது சந்தோஷம்தான், வேறில்லை.

ஆனால் நுழையும்போது நான் ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டேன். ஓரகத்தி வழி விட்டு ஓரடி பின்னால் நகர்ந்து நின்றாள். முகம் மாறவில்லை. தட்டைச் சாய்க்கவில்லை. முந்தானையை மட்டும் கொஞ்சம் இழுத்து அந்த ஒடுக்கின் மேல் போட்டாள். வாசலில் நின்ற அத்தனை பெண்களும் என்னைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தார்கள். நான் ஆயுசுக்கும் பழகினாலும் அந்த ஓரடியை அப்படி எடுத்து வைக்க எனக்கு வராது.

சாப்பாடு ஆயிற்று. கை நனைத்தாயிற்று. சம்பந்தம் முறியவில்லை. அந்த அம்மாவே ஓரகத்தியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்து, இரண்டாவது முறை பாயசம் ஊற்றச் சொன்னார். “மனசுல வச்சுக்கிடாதம்மா” என்றார். எனக்கு யாரும் இரண்டாவது முறை ஊற்றவில்லை.

திரும்பும்போது வேனில் அவளுக்குச் சன்னலோர இடம். அத்தை அவள் கையைப் பிடித்துக்கொண்டு, கொஞ்ச தூரம் அழுதாள். பிறகு களைத்துத் தூங்கிவிட்டாள். அப்போது ஓரகத்தி என் பக்கம் சாய்ந்து, பைய, “அக்கா, ஒண்ணு சொல்லட்டா?” என்றாள்.

“சொல்லு.”

“அந்த ஒடுக்கு ஒண்ணும் தலைமுறை தலைமுறையா வந்தது இல்லக்கா. நான் அஞ்சாவது படிக்கும்போது கெணத்தடியில போட்டுட்டேன். எங்க அப்பா ரெண்டு அடி வச்சாவ. பொங்கலுக்குக் குடுக்க வேற நல்ல பாத்திரம் வீட்ல இல்ல. அதான் அதைக் கொண்டாந்தாவ.” கொஞ்சம் சிரித்தாள். “அத்தை எல்லார்ட்டயும் காட்டுதாவளா, எனக்கு எப்படிச் சொல்லன்னு தெரியலை.”

அவள் ஐந்தாவது படித்த வருஷம் எது என்று உடனே கேட்டு வைத்துக்கொண்டேன். அந்தக் குடும்பத்தின் சரித்திரத்தில் எனக்குக் கிடைத்த முதல் உறுதியான வருஷம் அது.

மறுநாள் காலை, அத்தை செம்பைத் துடைத்து விளக்குக்குப் பக்கத்தில் வைக்கும்போது அதைச் சொன்னேன். மறைக்கவில்லை, கூட்டவும் இல்லை. கிணற்றடி, ஐந்தாவது வகுப்பு, இரண்டு அடி. ஓரகத்தியையும் கூப்பிட்டு, “நீயே சொல்லு” என்றேன். அவளும் சொன்னாள்.

அத்தை கேட்டுக்கொண்டாள். துணியை மடித்துத் தோளில் போட்டாள். ஓரகத்தி அடுக்களைக்குப் போன பிறகு என் காதருகே குனிந்தாள்.

“பாத்தியா? நான் வாங்கிக் கட்டிக்கிட்ட பழியத் தூக்கித் தன் தலையில போட்டுக்கிடுதா. வாழ்ந்த வீட்டுப் பிள்ளைலா.”

பரணில் குக்கர் பெட்டி கண்ணில் பட்டது.

பிறகு நாத்தனார் கல்யாணம் நடந்தது. நாங்குநேரிச் சம்பந்தம் நல்லபடியாகப் போகிறது. வருஷம் போகப் போக, வாசலில் தட்டை நிறுத்திய அந்தக் கதை எங்கள் சொந்தத்தில் ஒரு சொத்து மாதிரி ஆகிவிட்டது. எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் யாராவது ஒருத்தி அதைச் சொல்கிறாள். “எப்பேர்ப்பட்ட வீட்டுப் பிள்ளை, தட்டோட நிக்க வச்சுட்டாவளே, ஒரு வார்த்தை திருப்பிப் பேசலையே.” கேட்கிறவர்கள் தலையைச் சாய்க்கிறார்கள். ஓரகத்தி பக்கத்தில் இருந்தால், “அதெல்லாம் ஒண்ணும் இல்ல” என்கிறாள். அது இன்னும் நன்றாக எடுபடுகிறது.

போன தையில், பாளையங்கோட்டையில் ஒரு வீட்டு விசேஷத்தில், எனக்கு அறிமுகமில்லாத ஒரு பெண் அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் சொன்னபடி அது என் ஓரகத்திக்கு நடக்கவில்லை, ஓரகத்தியின் அம்மாவுக்கு நடந்தது. செம்பு வெள்ளிச் செம்பாகியிருந்தது. “அதெல்லாம் வெள்ளத்துக்கு ரொம்ப முந்தி” என்றாள்.

“இல்ல. வெள்ளத்துக்கு மறு வருசம், ஆவணி மாசம், புதன்கிழமை” என்றேன். “நான் கூட இருந்தேன்.”

அவள் மரியாதையாகத் திரும்பிப் பார்த்தாள். “அப்படியா அக்கா? நீங்க அவியளுக்கு என்ன வேணும்?”

“ஓரகத்தி.”

“ஏயப்பா” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். “அந்த வீட்டுப் பிள்ளையோடயா இருக்கிய? குடுத்து வச்சிருக்கணும்.”

அன்றைக்கு உள்ளே போன முதல் தட்டு யாருடையது என்று அவளாவது கேட்பாள் என்று கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். அதற்குள் பந்திக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.